தொடர் பின்னம்: பைக்கு (π) 292 வர வேண்டிய இடத்தில் 354 வருகிறது, ஏன்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
எட்டு இலக்க கால்குலேட்டர் பையை 3.1415927 என்று காட்டுகிறது. முழு எண்ணைக் கழித்து, மீதியைத் தலைகீழாக்கி, மறுபடி கழித்துக்கொண்டே போனால் 3, 7, 15, 1 வரை சரி. அடுத்து 292 வர வேண்டும், 354 வருகிறது. கையால் வகுத்தாலும் அதேதான். தப்பு எங்கே? இந்த எண்களுக்கு அர்த்தம்தான் என்ன?

பதில் (சித்தூர், பாலக்காடு):
வகுத்தலில் தப்பே இல்லை. நீங்கள் பிரித்தது பையை அல்ல, 31415927/10000000 என்ற பின்னத்தை. அதற்கு 354தான் சரி.

மீதிகளைப் பாருங்கள்: 1415927, 88511, 88262, 249. நடுவில் உள்ள இரண்டும் ஏறக்குறைய சமம், கழித்ததும் மூன்று இலக்கமாகச் சுருங்கிவிட்டது. கடைசி 7 முழுமையாக்கி வந்தது. அதில் அரை அலகு வரை பிழை இருக்கலாம். ஒவ்வொரு படியிலும் பெருகி, 249-க்கு வரும்போது அது 56.5 ஆகிறது. இவ்வளவு ஆட்டம் காணும் எண்ணால் வகுத்தால் ஈவை எப்படி நம்புவது?

அந்த அரை அலகைக் கழித்தும் கூட்டியும் வரும் இரண்டு எல்லைகளையும் பிரித்துப் பாருங்கள். 3.14159265 தருவது 3, 7, 15, 1, 288. 3.14159275 தருவது 3, 7, 15, 1, 458. ஒத்துப்போகும் நான்கோடு நிறுத்திவிட வேண்டும்.

பதில் (மீனாட்சிபுரம்):
அர்த்தத்துக்கு வருகிறேன். ஈவை முந்தைய பின்னத்தின் தொகுதி, பகுதி இரண்டாலும் பெருக்கி, அதற்கும் முந்தையதைக் கூட்டுங்கள்: 3/1, 22/7, பிறகு (15×22+3)/(15×7+1) = 333/106, அடுத்து 355/113. ஈவு பெரிதாக வந்தால், அதற்கு முந்தைய பின்னம் மிக நெருங்கிவிட்டது என்று பொருள். 355/113-இன் பிழை ஏறக்குறைய 1/(113×113×292), அதாவது 0.00000027. 333/106-இல் நிற்பது வீண். அடுத்த ஈவு வெறும் 1, பகுதியில் 7 கூட்டினாலே 355/113 கைக்கு வந்துவிடும்.

மேலே சொன்ன 56.5-உம் 113-இன் பாதிதான்: அந்தப் பகுதிதான் பிழையைப் பெருக்குகிறது.

கேரளக் கணிதத்தில் ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் வரிசைக்கு வல்லி என்று பெயர். கிரகங்களின் பெரிய விகிதங்களைச் சிறிய எண்களாகக் குறைக்கக் கரணபத்ததி என்ற கேரள வானியல் நூல் இதே வழியைத்தான் சொல்கிறது.

கேட்டவர்:
அப்படியானால் 292 கிடைக்க எத்தனை தசமம் வேண்டும்?

பதில் (சித்தூர்):
பத்து எடுங்கள்: 3.1415926536. இப்போது மீதி 301432, பிழை அதே 56.5. முந்தைய மீதி 88212816-ஐ 301432-ஆல் வகுத்தால் 292.