நெஞ்சு படபடக்கும்போது மூச்சை இழுப்பதா, விடுவதா?

கல்லடியிலிருந்து:

"யோசிக்காதே" என்று சொல்லாத ஆளே எங்கள் ஊரில் இல்லை. சொன்னவுடன் யோசனை நின்றுவிடுமானால் நான் எப்போதோ நிம்மதியாக உறங்கியிருப்பேன். மாமி கண்ணூறு என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அயல்வீட்டு அக்கா கோவிலில் நூல் கட்டச் சொன்னார். இரண்டையும் குறைசொல்ல மாட்டேன். நம்மேல் அக்கறைப்பட ஆள் இருக்கிறது என்பதே பாதி ஆறுதல். என்னை வதைத்தது "மூச்சை நன்றாக இழு" என்ற அறிவுரைதான். இழுக்க இழுக்க விரல்கள் விறைத்தன, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது, தலை சுற்றியது. மாரடைப்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சீ.ஜீ.யில் குறை ஒன்றும் இல்லை.

அங்கே பணியில் இருந்த தாதி ஒருவர்தான் விளக்கினார். பயத்தில் அளவுக்கு மிஞ்சி மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. விறைப்பும் தலைச்சுற்றும் அதனால் வருபவை. மேலும் மேலும் இழுத்தால் அந்த விறைப்பும் சுற்றலும் கூடத்தானே செய்யும்? மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக உள்ளே, உதட்டைக் குவித்து ஆறோ எட்டோ எண்ணும்வரை வெளியே. மூச்சு நீண்டு வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகசு நரம்பு அதன் துடிப்பைத் தணிக்கிறது. கடும் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும் என்றும் சொன்னார். இப்போது சாகப்போகிறேன் என்ற எண்ணம் வந்தால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மூச்சை விடுகிறேன்.

காத்தான்குடியிலிருந்து:

தங்கச்சி, உங்கள் தாதி சொன்னதை என் உம்மா யாரும் சொல்லித் தராமலே செய்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல் இரையும் இரவுகளில் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தஸ்பீஹ் மணியை உருட்டி, இறைவனை நினைந்து ஓதும் திக்ர் ஒவ்வொன்றையும் நீட்டி ஓதுவார். ஓதுவது வெளிமூச்சில்தானே, மூச்சு தானாகவே நீண்டுவிடுகிறது.

எனக்கோ கடலைவிடக் கடன்தான் பயம். படுத்தவுடன் கடைக்கணக்கு கண்முன் வந்து நிற்கும். அதனால் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு கொப்பியோடு உட்கார்ந்து, யோசிக்க வேண்டியதையெல்லாம் அப்போதே எழுதிவிடுகிறேன். நாளை ஏதாவது செய்யக்கூடியதற்கு மட்டும் ஒரு புள்ளி. இரவில் அதே கணக்கு மறுபடி வந்தால், "கொப்பியில் இருக்கிறாய், நாளை வா" என்று சொல்லிப் பார்க்கிறேன். எல்லா இரவும் கேட்பதில்லை. பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு தேநீரை நிறுத்தியதும் உதவியது. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகுமாம். தேநீர் இல்லாத மாலை என்ன மாலை என்பது வேறு கதை.

திருக்கோவிலிலிருந்து:

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், எண்ணிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் தடவை அது படபடப்பா மாரடைப்பா என்று வீட்டில் இருந்தபடி யாராலும் தீர்மானிக்க முடியாது.

என் தம்பிக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதவில்லை. உறக்கம் போனது, சாப்பாடு போனது, பிறகு வேலைக்கும் போகவில்லை. மனநல கிளினிக்குக்குப் போனால் ஊர் பைத்தியம் என்று சொல்லும், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அம்மா மறித்தார். ஓர் இரவு அவனே இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசினான். அடுத்த வாரமே கிளினிக்குக்குப் போனான். மருந்தும் பேச்சுமாகச் சிகிச்சை தொடர்கிறது. இப்போது கிளினிக் நாளில் அவனுக்கு முன்பே அம்மா புறப்பட்டு வாசலில் நிற்கிறார்.