அப்பா ஏன் பழைய சலூனுக்கே போகிறார்?

ஒத்தக்கடைவாசி கேட்கிறார்:
அப்பாவுக்கு 74 வயது. மதுரை ஒத்தக்கடைக்கு நாங்கள் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முடி வெட்ட மட்டும் இன்றும் பஸ் ஏறிச் சிம்மக்கல்லுக்குத்தான் போவார். போன மாதம் மூட்டுவலி என்றதால், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஏ.சி. கடைக்கு அழைத்துப் போனேன். பத்து நிமிடத்தில் மெஷின் போட்டு அனுப்பிவிட்டார்கள். உச்சியில் முடி குத்திட்டு நின்றது. காதுக்குப் பின்னாலுள்ள மருவில் மெஷின் பட்டு இரத்தம் கசிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றார். எனக்கு மனது கேட்கவில்லை. அவர் போகும் கடையில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் பழக்கம்தானா?

பாளை தபால்காரர்:
தம்பி, பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் 38 ஆண்டுகளாக ஒரே கடைக்குப் போகிறேன். எதிரெதிரே கண்ணாடி, பவுடர் வாசனை, ஆளுக்கு ஒரு தாளாகப் பிரிந்து கிடக்கும் தினத்தந்தி. நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போட்டுச் சிறுவர்களை உட்கார வைப்பார்கள். என் மகன் அதில் அழுதுகொண்டே உட்கார்ந்தான். இப்போது பேரனும் அதே பலகையில். திராவிட இயக்க ஏடுகளை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதித்தது சலூன்களில்தான் என்று என் தந்தை சொல்வார். வேலை முடிந்த பிறகும் எழுந்து போக மனமில்லாத இடம் அது.

சலூன்காரர் மகன்:
உங்கள் அப்பாவுக்கு உச்சியில் இரட்டைச் சுழி இருக்கும் என்று நினைக்கிறேன். சுழியுள்ள இடத்தில் ஒட்ட வெட்டினால் முடி படியாது. புதிதாக ஒருவர் வந்தால், தண்ணீர் தெளிக்கும் முன்பே தலையை வாரி, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று என் அப்பா பார்த்துக்கொள்வார். அந்த ஒரு நிமிடப் பொறுமைதான் தொழில்.

சவரமும் அப்படித்தான். வெந்நீர் ஒற்றி, பிரஷ்ஷால் நுரை குழைத்து ஊறவிட்டால் முரட்டுத் தாடியும் இளகிவிடும். அந்தக் காலத்தில் கத்தியைத் தோல் வாரில் இழுப்பார்கள். தீட்டுவதற்குச் சாணைக்கல் தனி. மடங்கிய விளிம்பை நேராக்குவதற்குத்தான் வார். சென்னையில் 1986இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு, பின்னர் விழிப்புணர்வு பரவியபோது, எங்கள் கடையில் கத்தி மாறியது. பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகுவோம். ஆளுக்கு ஒரு புதுப் பாதி. கடைசியில் படிகாரக் கட்டி. அது தோலைச் சுருக்கிச் சிறு கீறலில் வரும் இரத்தத்தை நிறுத்திவிடும்.

இந்தத் தொழிலைச் சாதி சொல்லி இழிவாகப் பேசுவோர் இன்றும் உண்டு. அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். மூட்டுவலியோடு ஒருவர் பஸ் ஏறித் தேடி வருகிறார் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமா? தயவுசெய்து அவரை அங்கேயே அழைத்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறையாக இருக்கலாம், ஞாயிறு கூட்டம் தாங்காது. புதன் காலை நல்லது.

முத்துநகர் வாசகி:
எங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன். மாரியப்பன் தம் சலூனில் நூலகமே வைத்திருக்கிறார். காத்திருப்பவர்கள் புத்தகம் படிக்கலாம். படித்தால் கட்டணத்திலும் சலுகை. 2020இல் பிரதமரே வானொலியில் அவரோடு பேசினார். என் அண்ணன் மகன் படிக்கத் தொடங்கியதே ஒரு சலூன் பெஞ்சில்தான்.

ஒத்தக்கடைவாசி:
எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை ஆட்டோவில் அழைத்துப் போனேன். இரட்டைச் சுழியேதான்! கடைக்காரருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். "வாங்கண்ணே" என்றார், எப்படி வெட்டவேண்டும் என்று கேட்கவே இல்லை. மருவில் காய்ந்திருந்த தழும்பைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு இடது கையால் காது மடலை முன்பக்கம் வளைத்து, கட்டைவிரலால் மருவை மூடிக்கொண்டு, கத்தரி நுனியால் சுற்றிலும் மெல்ல வெட்டினார். அப்பா கண்களை மூடியிருந்தார்.