ஈ.சி.ஆருக்கு டர்போவா, என்.ஏ. எஞ்சினா?

உச்சிப்புளி வண்டிக்காரன்:
நம் கடற்கரைப் பக்கம் ஓட்ட மைலேஜ்தான் முக்கியம் என்றால் டர்போ, அதாவது காற்றை அடைத்து அனுப்பும் விசிறி வைத்த பெட்ரோல் எஞ்சின் வேண்டாம். காற்றைத் தானே இழுக்கும் சாதா எஞ்சின் (என்.ஏ.) போதும். மாருதி ஃபிரான்க்ஸ் காரையே பாருங்கள், ஒரே வண்டியில் இரண்டு எஞ்சின். மேனுவல் கியரில் 1.2 லிட்டர் சாதா எஞ்சினுக்கு நிறுவனம் சொல்வது லிட்டருக்கு 21.79 கி.மீ., 1.0 லிட்டர் டர்போவுக்கு 21.5. எஞ்சினைச் சின்னதாக்கியும் பெட்ரோல் மிச்சமாகவில்லையே!

கீழக்கரை டர்போ:
அண்ணே, அந்த மைலேஜோடு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சாதா எஞ்சினில் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை, 113 நியூட்டன் மீட்டர். டர்போவில் 147க்கு மேல், அதுவும் 2000 ஆர்.பி.எம்.மிலேயே. ஐந்து பேரோடு ஏசி போட்டு லாரியை முந்த நீங்கள் கியரைக் குறைத்து எஞ்சினை அலறவிட வேண்டும். அப்புறம், பாதி மூடிய த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் கதவு) வழியாகக் காற்றை உறிஞ்சவே பெட்ரோல் எஞ்சினுக்குச் சக்தி வீணாகிறது. ஒரே வேகத்தில் போகும்போது சின்ன எஞ்சினில் அந்த வீண் குறைவு.

உச்சிப்புளி வண்டிக்காரன்:
ஒரே வேகத்தில் போனால் சரி, தம்பி. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்? டர்போ அடைத்து அனுப்பும் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலும் உள்ளே போகணும். அழுத்திய காற்று சூடாகும். நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டுவது) வராமலிருக்கக் கம்ப்ரெஷனை, அதாவது எஞ்சின் காற்றை அழுத்தும் அளவை, குறைத்துத்தான் எஞ்சினைச் செய்கிறார்கள். அதிலேயே மைலேஜ் அடிபடும். போதாததற்கு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார்கள், சூட்டைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோல் தெளிப்பதும் உண்டு. சித்திரை வெயிலில் இதெல்லாம் இன்னும் மோசம். கொடைக்கானலில் காற்று மெலிசு, அங்கே டர்போவுக்கு வேலை இருக்கிறது. நமக்குக் கடல் மட்டம், மேடு என்றால் பாம்பன் பாலம்தான்.

கீழக்கரை டர்போ:
மேடு இல்லை, காற்று இருக்கிறதே! ஆடியில் ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி பக்கம் போய்ப் பாருங்கள். 80இல் போகிற வண்டிக்கு எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், 120இல் போகும்போது உள்ள காற்றுத் தடைதான். அதாவது இரண்டேகால் மடங்கு. அங்கே டார்க் வேண்டாமா?

தொண்டி மெக்கானிக்:
டார்க் வேண்டும்தான் பாய், ஆனால் எதிர்காற்றில் டர்போ சும்மா இருக்காது, பூஸ்ட் (அடைத்து அனுப்பும் காற்றழுத்தம்) ஏறும், பெட்ரோல் குடிக்கும். உங்கள் த்ராட்டில் லாபம் அங்கேதான் போய்விடுகிறது. நிறுவனம் சொல்லும் கணக்கு வருகிற மைலேஜ் சோதனையில் 90 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டுவதே இல்லை, வேகம் கூட்டுவதும் மெதுவாகத்தான். அதனால்தான் அந்த 21.5. நம் சாலைக்கு என் ஓட்டு சாதா எஞ்சினுக்கே.

கீழக்கரை டர்போ:
அப்படியானால் இரண்டு வண்டியையும் ஒரே பெட்ரோல் பங்கில் ஃபுல் டேங்க் போட்டு, ஒரே நாளில் சாயல்குடி போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்ப்போம். ஆளும் சுமையும் சமம், ஏசி ஓடணும், வேகம் 80. வருகிறீர்களா அண்ணே?