அவுட்லுக்கில் மேக்ரோ ஓடவில்லை, எந்த செட்டிங்கை மாற்றுவது?

பாரிமுனைக் கணக்கர்:
வணக்கம். லிங்கிச் செட்டித் தெருவில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறேன். சுமார் 40 கடைக்காரர்கள் பில்களை மெயிலில் அனுப்புவார்கள். அந்த பிடிஎஃப்களைக் கடைவாரியாக ஃபோல்டரில் போட, முன்பு இங்கிருந்த தம்பி ஒரு மேக்ரோ (அவுட்லுக்குக்குள் ஓடும் சின்ன புரோகிராம்) எழுதிக் கொடுத்திருந்தான். போன வாரம் புது கம்ப்யூட்டர் வந்தது. மேக்ரோ ஃபைலைப் பழையதிலிருந்து எடுத்துப் போட்டேன். பட்டனை அழுத்தினால், மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன என்கிறது. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். இரண்டு நாளாக ஒவ்வொரு மெயிலாகத் திறந்து சேமிக்கிறேன், கை வலிக்கிறது.

அம்பத்தூர்வாசி:
ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், மேக்ரோ செட்டிங்ஸ். அங்கே கடைசியில் இருக்கும் ‘எல்லா மேக்ரோவையும் அனுமதி’யைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிட வேலை.

அடையாறு சிஸ்டம்ஸ்:
சார், தயவுசெய்து அதை மட்டும் வைக்காதீர்கள். அப்படி வைத்தால், நாளை வேறு ஏதாவது உங்கள் மேக்ரோ ஃபைலில் கை வைத்தாலும் அவுட்லுக் கேள்வி கேட்காமல் ஓட்டிவிடும். 1999-இல் மெலிசா வைரஸ் வேர்ட் மேக்ரோவாக வந்து, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. உங்கள் பட்டியலில் இருப்பது ஊரார் கணக்கு.

அதே பட்டியலில் இரண்டாவது தேர்வு, அதாவது டிஜிட்டல் கையொப்பமிட்ட மேக்ரோவுக்கு மட்டும் உங்களிடம் அனுமதி கேட்பது, அப்படியே இருக்கட்டும். மேக்ரோவுக்கு நீங்களே கையொப்பம் போடுங்கள். ஆபீஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரில் செல்ஃப்செர்ட் என்றொரு புரோகிராம் இருக்கும். அதில் ஒரு பெயர் கொடுத்து சான்றிதழ் உருவாக்குங்கள். அப்புறம் அவுட்லுக்கில் ஆல்ட்+எஃப்11 அழுத்தி, டூல்ஸ் மெனுவில் டிஜிட்டல் சிக்னேச்சர் போய் அதைத் தேர்ந்தெடுத்து சேமியுங்கள். அந்தச் சான்றிதழை அது உருவான கம்ப்யூட்டர்தான் நம்பும். பழைய கம்ப்யூட்டரில் போட்ட கையொப்பம் இங்கே செல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

பாரிமுனைக் கணக்கர்:
செய்தேன் சார், அதே செய்திதான் வருகிறது.

அடையாறு சிஸ்டம்ஸ்:
அவுட்லுக்கை முழுதாக மூடித் திறந்தீர்களா? திறந்ததும் எச்சரிக்கை வரும்; உங்கள் பெயர்தானா என்று பார்த்துவிட்டு அனுமதியுங்கள். இன்னொன்று, மேலே ‘புதிய அவுட்லுக்’ என்ற சுவிட்சைத் தொடாதீர்கள். அதில் இந்த மேக்ரோவே ஓடாது.

பாரிமுனைக் கணக்கர்:
மூடவில்லை, அதுதான் கோளாறு. இப்போது ஓடுகிறது! மீதி 63 பில்களும் அந்தந்த ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிட்டன. ரொம்ப நன்றி சார். சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் வழக்கமான ரயிலையே பிடித்துவிடுவேன்.