புதுப்பிப்பு: ஒரு ஏக்கர் கோ-4 தீவனப்புல், எத்தனை மாடு?

கிணற்றுப் பாசன ஏக்கர் ஒன்றில் கோ-4 போட்டால் எத்தனை கறவை கட்டலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "பதினாறு" என்றவர்கள்தான் அதிகம். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன். ஏக்கருக்கு 150 டன், நாளுக்கு 410 கிலோ, மாட்டுக்கு 25 கிலோ. காகிதத்தில் சரிதான்.

இப்போது எடை போட்டுப் பார்த்தாச்சு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, பல இடத்தில் அறுத்தோம். நடுவயலில் 5 கிலோ. தென்னை நிழல் விழும் ஓரத்தில் 2 கிலோகூட ஏறவில்லை. (நல்ல இடமாகப் பார்த்துக் கயிறு போட எல்லோருக்கும் கை போகும். கண்ணை மூடிக் கல் எறிந்து, விழுந்த இடத்தில் அறுங்கள்.) சராசரி மூன்றரை. வரப்பு, வாய்க்கால் கழித்தால் 3,600 சதுர மீட்டர், அதாவது ஓர் அறுப்புக்கு 12.6 டன். 45 நாளுக்கு ஒருமுறை அறுத்தால் தினம் 280 கிலோ. பதினோரு மாடு.

ஆனால் சித்திரையில் கிணறு இறங்கினால் இதில் பாதி வந்தாலே பெரிசு. மாடு வருஷம் முழுக்கத் தின்னுமே! அதனால் ஆறுதான் கட்டப்போகிறேன். மழைக்காலத்தில் மிஞ்சுவதை ஊறுகாய்ப்புல்லாக (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைக்கும் சைலேஜ்) போட்டு வைக்கலாம். வைக்கோல் தனி. ஓரத்து நிழலில் வேலிமசால் (பயறுவகைத் தீவனச்செடி) எடுபடுமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.