பரோட்டா மாவு பறக்காம மிதக்குது: கையால வரையற அனிமேஷன்ல உதவி வேணும்

மாவுருண்டை:

வணக்கம். ஃபைன் ஆர்ட்ஸ் மூணாவது வருஷம் படிக்கறேன். செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒன்றரை நிமிஷம் கையால வரைஞ்ச கார்ட்டூன் படம் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன். கதைன்னு பெருசா எதுவும் இல்ல. எங்கப்பா மதுரைப் பக்கம் ஒரு கடைல பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் அடுப்பு பத்த வெக்கறதுல ஆரம்பிச்சு முதல் பரோட்டா இலைக்குப் போறதோட படம் முடிஞ்சிடும்.

எல்லாம் ஏ4 தாள், 2பி பென்சில். லைட் பாக்ஸ் நானே செஞ்சது: பழைய போட்டோ ஃப்ரேம் கண்ணாடிய ரெண்டு செங்கல் மேல வெச்சு, அடில எல்இடி பட்டி. தாளோட நாலு மூலைலயும் பிளஸ் குறி போட்டு, குறி மேல குறி வெச்சு வரையறேன். அப்புறம் ஜன்னலோர டேபிள்ல, புத்தக அடுக்கு மேல போனை நீட்டி வெச்சு ஒவ்வொண்ணா போட்டோ. நொடிக்கு 12 படம்.

இதுவரைக்கும் 146 படம் ஆச்சு. ஓட்டிப் பார்த்தா அழுகையா வருது. மாவை வீசற காட்சிதான் படமே. அதுல மேல ஏற 6, கீழ இறங்க 6 படம் போட்டேன். தண்ணிக்குள்ள துணி அலசற மாதிரி இருக்கு. ரூம்மேட் பார்த்துட்டு "உங்கப்பா ஜெல்லி மீன் வளக்கறாரா"ன்னு கேட்டான். இன்னும் ரெண்டு மூணு படம் நடுவுல சேர்த்தேன், அதைவிட மோசமாச்சு. போதாததுக்கு தாள் குதிக்குது, வெளிச்சம் கூடிக் குறையுது.

90 நொடிக்கு 12 வீதம் 1080 படம். கையில இருக்கறது 39 நாள். அப்பா உடம்பு, அடுப்பு, பின்னாடி தொங்கற தேங்காய் எண்ணெய் காலண்டர் எல்லாத்தையும் ஒவ்வொரு தாள்லயும் திரும்பத் திரும்ப வரைஞ்சு விரல் வீங்கிப் போச்சு. யாராவது பண்ணினவங்க இருந்தா சொல்லுங்க.

ரெண்டு_டூலைட்:

ப்ரோ, இந்தக் காலத்துல எதுக்கு தாள்? யார்கிட்டயாவது பேனா டேப்லெட் கடன் வாங்கு. கிரிட்டான்னு ஒரு வரையற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம். முந்தின படம் மங்கலா அடில தெரியும், லைட் பாக்ஸே வேண்டாம். இல்லன்னா அப்பாவ வீடியோ எடுத்து அது மேலயே ட்ரேஸ் பண்ணிடு. ஒரு வாரத்துல முடிஞ்சிரும்.

இடைப்படக்காரி:

டேப்லெட் கடன் கிடைச்சாலும் அதுல அந்த மாவு மிதக்கத்தான் செய்யும் தம்பி. 1999-லேர்ந்து ஆறு வருஷம் சென்னைல ஒரு ஸ்டுடியோல இன்பிட்வீன் போட்டவ நான். வெளிநாட்டு டிவி தொடரோட கீ படங்கள், அதாவது ஒரு அசைவோட முக்கியமான நிலைகள் மட்டும், கட்டுக் கட்டா வரும், நடுவுல வர்றத வரைஞ்சு அனுப்பணும். என் நடுவிரல்ல இன்னிக்கும் காய்ப்பு இருக்கு. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்க.

மேல ஒரு கீ, கீழ ஒரு கீ போட்டு, நடுவுல சரிபாதி, அதுல சரிபாதின்னு பிரிச்சிருக்க, சரியா? எல்லாரும் முதல்ல அதைத்தான் செய்வாங்க. எல்லா இடைவெளியும் ஒரே அளவா இருந்தா கண்ணுக்கு எடையே தெரியாது. படத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் மெதுவாகும், அதான் உனக்கு மோசமாச்சு. கீ தாளோட ஓரத்துல செங்குத்தா ஒரு கோடு இழு. அதுல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன குறுக்குக்கோடு. உச்சில கோடெல்லாம் நெருக்கமா, கீழ வர வர விலகி விலகி. மேடைல அடிக்கறதுக்கு முந்தின படத்துல மாவு ஒரு சாண் மேல இருக்கட்டும், அடுத்த படத்துல மேடைல. நடுவுல ஒண்ணும் போடாத, கண்ணே போட்டுக்கும். அடிச்ச படத்தை அப்படியே கொஞ்சம் நிறுத்து.

ட்ரேஸ் பண்றதுன்னு மேல தம்பி சொல்றது ரோட்டோஸ்கோப். தப்பில்ல, ஆனா உனக்கு வேண்டியது அது இல்லன்னு தோணுது. வீடியோ எடு, வரையறதுக்கு இல்ல, எண்றதுக்கு. போன்ல நொடிக்கு 24 ஃப்ரேம் வெச்சு எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்தி, ஒரு வீச்சு எத்தனை ஃப்ரேம்னு நோட்டுல எழுது. நொடிக்கு 12 படம்னா ஒரு படம் ரெண்டு ஃப்ரேம் நிக்குது, அந்தக் கணக்குல வகுத்துக்க. அப்பா விரலையும் பாரு. மாவோட எந்த ஓரம் முதல்ல கிளம்புது, எது பின்னாடி இழுபடுதுன்னு.

தாள் குதிக்கறதுக்கு மருந்து ஸ்டேஷனரி கடைலயே இருக்கு. ஆபீஸ்ல ஃபைல் போடற ரெண்டு ஓட்டை பஞ்சிங் மெஷின். ஓட்டைக்கு ஓட்டை 80 மில்லிமீட்டர், ஓட்டை 6 மில்லிமீட்டர். மரச்சட்டத்துல அதே தூரத்துல 6 மில்லிமீட்டர் மரக்குச்சி ரெண்டு நட்டு லைட் பாக்ஸ்ல ஒட்டிடு. வரையறதும் அதுலதான், போட்டோ எடுக்கறதும் அதே சட்டத்துலதான். ஒரு தடவைக்கு நாலு தாளுக்கு மேல குத்தாத, அடித்தாள் நகரும். பிளஸ் குறியெல்லாம் கண்ணை நம்பற வேலை, ராத்திரி ஒரு மணிக்கு கண்ணு பொய் சொல்லும்.

வெளிச்சம்: ஜன்னலை மூடு. மேகம் போனாலே உன் படத்துல தெரியும். ரெண்டு பக்கமும் சாய்வா ஒவ்வொரு விளக்கு. போன்ல ப்ரோ மோடு இருந்தா எல்லாத்தையும் பூட்டிடு, ஃபோகஸ், வெளிச்சம், கலர். ஆட்டோல விட்டா தாள்ல கறுப்பு கூடும்போதெல்லாம் அது தானா வெளிச்சத்தை ஏத்தும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 50-ல ஒண்ணு இல்லன்னா 100-ல ஒண்ணு நொடில வை. தாள் சுருங்காம இருக்க மேல கண்ணாடி வெப்ப. அன்னிக்கு வெள்ளைச் சட்டை போடாத, கண்ணாடில நீதான் தெரிவ.

கடைசியா ஒண்ணு. ஒவ்வொரு தாள் மூலைலயும் நம்பர் போடு. வரையறதுக்கு முன்னாடி. நான் சேர்ந்த முதல் மாசம், நடக்கற காட்சி ஒண்ணு, 60 சொச்சம் தாள், நம்பர் அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். யாரோ ஃபேனைப் போட்டுட்டாங்க. இடது கால் எது வலது கால் எதுன்னு பிரிக்கவே ராத்திரி பதினொண்ணு ஆச்சு.

கரித்துண்டு:

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, 1080-ஐப் பத்தி மட்டும் நான். 1908-ல பாரிஸ்ல எமில் கோல்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் தனியா உட்கார்ந்து ஒரு அனிமேஷன் படம் பண்ணினார். ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவு, சுமார் 700 படம், ஒவ்வொண்ணையும் ரெண்டு ஃப்ரேம் எடுத்தார். வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடு போட்டு நெகட்டிவா பிரிண்ட் எடுத்ததால கரும்பலகைல சாக்பீஸ்ல வரைஞ்ச மாதிரி இருக்கும். பின்னணின்னு ஒண்ணுமே கிடையாது. 1914-ல வின்சர் மெக்கேன்னு ஒரு அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் தன் அனிமேஷன் படத்துல டைனோசரை நடக்க விட்டப்ப பாறை, தண்ணி எல்லாத்தையும் ஒவ்வொரு தாள்லயும் திரும்ப வரைய வேண்டியிருந்தது, அதுக்குன்னே ஒரு உதவியாளரை வெச்சார். நீ உதவியாளர் இல்லாம மெக்கே வேலை பார்த்துட்டிருக்க.

உடம்பு, அடுப்பு, காலண்டர் ஒரு தாள். கையும் மாவும் மட்டும் தனித்தாள். ரெண்டையும் தனித்தனியா போட்டோ எடுத்து கிரிட்டால மல்டிப்ளைனு ஒண்ணு இருக்கு, அதுல ஒண்ணு மேல ஒண்ணு போட்டா வெள்ளை மறைஞ்சு கோடு மட்டும் நிக்கும். ஒரே வம்பு, மாவுக்குள்ள உடம்புக் கோடு தெரியும். அப்பா வேலை பார்க்கும்போது என்ன போட்டிருப்பார்?

மாவுருண்டை:

வெள்ளைப் பனியன்.

கரித்துண்டு:

அப்போ தப்பிச்ச. பனியனுக்குள்ள ஒரு மடிப்புக்கோடுகூட போடாத, மாவு அந்த வெள்ளைலயே பறக்கட்டும். பனியன் ஓரத்தைத் தாண்டற இடத்துல மட்டும் ஓரக்கோட்டை விட்டு விட்டுப் போடு. உடம்புத் தாளையும் ஒண்ணோட நிறுத்தாம, அதையே மூணு தடவை மேல வெச்சு வரைஞ்சு மாத்தி மாத்தி ஓட்டு. கோடு லேசா நடுங்கும், மனுஷன் மூச்சு விடற மாதிரி இருக்கும். ஒரே தாளா வெச்சா செத்த மாதிரி நிப்பார்.

மாவுருண்டை:

ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஊருக்குப் போயிருந்தேன்.

கடைல நின்னு வீடியோ எடுத்தேன். அக்கா சொன்ன மாதிரி எண்ணினேன். ஒரு வீச்சு 16 ஃப்ரேம். தூக்க 9, அடிக்க 4, மேடைல ஒட்டி நிக்கறது 3. நான் வரைஞ்சிருந்தது 12 படம், அதாவது 24 ஃப்ரேம், ஒரு முழு நொடி. ஏறவும் இறங்கவும் சரிபாதி வேற. எங்கப்பா அந்த வேகத்துல போட்டா முதலாளி அன்னிக்கே கணக்கு முடிச்சிருப்பார்.

அதைவிடப் பெரிய தப்பு வேற. பழைய 146 படத்தையும் அப்பாகிட்ட போன்ல ஓட்டிக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். "என்னடா இது, மாவு கைய விட்டுப் போகுது? அது கைய விட்டுப் போகவே போகாதுடா"ன்னார். ஒரு உருண்டைய எடுத்துத் தட்டி மெதுவா வீசிக் காட்டினார். நிஜம்தான். வலது கை விரல் நாலும் அடில, கட்டைவிரல் மேல, ஓரத்தைப் பிடிச்சபடியே இருக்கு. இடது கை சும்மா ஏந்திட்டு விட்டுடுது. எதிர் ஓரம் மட்டும்தான் காத்துல உப்பிக்கிட்டு பின்னாடி வருது. கை மேடையைத் தொட்டப்புறம்கூட அந்த ஓரம் ஒரு ஃப்ரேம் பிந்தித்தான் விழுது. பிறந்ததுலேர்ந்து பார்க்கறேன், மாவு காத்துல பறக்குதுன்னே நினைச்சிட்டிருந்திருக்கேன். வெட்கமா இருந்தது.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஒரு பரோட்டாவுக்கு நாலு வீச்சு, ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு பெருசாகுது, மெலிசாகுது. நாலாவதுல அப்பா விரல் மறுபக்கம் தெரியுது. அதனால ஒரே வீச்சைத் திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது. நாலு வீச்சுக்கு எட்டெட்டா 32 படம், அதை அஞ்சு உருண்டைக்கு ஓட்டினா 13 நொடி போயிடும். மாவைச் சுருட்டற இடத்துல மட்டும் குறுக்குவழியே இல்ல, எட்டு நொடிக்கு 96 படமும் வரைஞ்சாகணும். கல்லு, அடுக்கி வெச்சு ரெண்டு கையால தட்டி உதிர்க்கறது, சாப்பிடறவங்க எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டா மொத்தம் 307. நாளைக்குப் பத்து படம், போதும். பஞ்சிங் மெஷின் ஹாஸ்டல் ஆபீஸ்ல இரவல்.

புதுசா போட்ட 32 படத்தை நேத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ராத்திரி ஒன்றரைக்கு கடை மூடிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "இப்ப சரி. ஆனா எண்ணெய் எங்கடா? காஞ்ச மாவு மாதிரி கிழிஞ்சிடும்போல இருக்கு."

பென்சில்ல எண்ணெய் எப்படிக் காட்டறது?

இடைப்படக்காரி:

மாவு முழுக்க பென்சிலைப் படுக்க வெச்சு லேசா தேய்ச்சு சாம்பல் நிறம் குடு. விளக்கு படற இடத்துல அழிரப்பரை முனையாக்கி ஒரே இழுப்பு, வெள்ளையா. அந்த வெள்ளை மாவோட சேர்ந்து நகரக்கூடாது, விளக்கு இருக்கற பக்கமே நிக்கணும். முதல் எட்டு படத்துல மட்டும் பண்ணி அப்பாவுக்கு அனுப்பு, அவர் சரின்னா மீதிப் படத்துலயும் இதே மாதிரி பண்ணு.