நாகர்கோவிலின் வடசேரி, கோட்டாறு பழைய தெருக்களில் உங்களுக்கு நேர்ந்த சந்திப்புகள்

வடசேரிக்காரன்:

ஆவணியில் நடந்தது; மார்கழி பிறந்தும் மனத்தை விட்டுப் போகவில்லை என்பதால் எழுதுகிறேன். வடசேரியில் தறிச் சத்தம் எப்படிக் குறைந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. ஜெராக்ஸ் கடை போடுவதற்காகப் பழைய நெசவுத் தெரு ஒன்றில் ஒரு வீட்டின் முன்கூடத்தை வாடகைக்குப் பேசி, முன்பணம் கொடுத்த கையோடு டேப்பை எடுத்துத் தரையை அளக்கத் தொடங்கினேன். கூடத்தின் நடுவுக்கு வந்தபோது, திண்ணையில் இருந்த வீட்டுக்காரரின் தாயார், எண்பது வயது இருக்கும், பதறிப்போய், "மக்ளே, அங்க சவுட்டாத, குழி கெடக்கு" என்றார். என் காலடியில் வெள்ளை டைல்ஸ்தான் இருந்தது. "அத மூடி வருசம் இருவதாச்சும்மா" என்று மகன் சிரித்தார்.

ஆச்சியின் கணவர் குழித்தறி போட்டிருந்த இடமாம் அது. ஓணத்துக்கு நேரியல் மேல்துண்டு கேட்டுத் திருவனந்தபுரத்து வியாபாரிகள் வரும் மாதங்களில், காலைக் குழிக்குள் விட்டு மிதியில் (தறியில் காலால் அழுத்தும் கட்டை) வைத்தால் சாப்பாட்டுக்குத்தான் மேலே ஏறுவாராம். நான் கவனித்தது வேறொன்று. அடுக்களையிலிருந்து திண்ணைக்கு வர நேர்வழி கூடத்தின் நடுவேதான். ஆச்சியோ சொம்புத் தண்ணீருடன் சுவரைத் தொட்டபடி ஓரமாகவே சுற்றி வந்தார். அந்தச் சுவரின் வெள்ளையில், அவருடைய தோள் உயரத்துக்கு, கை உரசி உரசிப் பழுப்பேறிய ஒரு நீளக் கோடு வாசல்வரை ஓடுகிறது.

ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது என்பதால் ஜெராக்ஸ் இயந்திரத்தைக் கூடத்தின் நடுவிலேயே வைத்தேன். ஆச்சி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "அவரும் வெளிச்சம் பாத்துதான் வச்சாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது குறையா, சம்மதமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐப்பசி மழையில் அந்த இடத்து டைல்ஸ் அரை அங்குலம் உள்ளே இறங்கி, இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆச்சியிடம் இதைச் சொல்லவில்லை.

கோட்டாற்று மருமகள்:

சவேரியார் கோவில் திருவிழாவுக்கு முந்தைய வாரம், நல்லமிளகு நூறு கிராம் வாங்குவதற்காகக் கோட்டாற்றின் மொத்த வியாபாரக் கடைத்தெருவான கம்போளத்துக்குள் போனேன். நான் கலியாணமாகி வந்த காலத்தில் அந்தக் கடைகளில் "எத்தனை மூடை?" என்றுதான் கேட்பார்கள்; சில்லறை கேட்டுப் போகிறவர்களைப் பலவியஞ்சனக் (மளிகைக்) கடைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அன்று முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். சில்லறை இல்லை என்று பாதி சொன்னவர், தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார்.

அவரிடம் இருந்தது மூடை நிறுக்கும் தராசு மட்டுமே. நூறு கிராம் மிளகுக்கு அது அசையவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டு, ஒரு கிலோ காட்டியதும் அதை மேசையில் விரித்த செய்தித்தாளில் கொட்டி, கணக்குப் புத்தகத்தின் ஓரத்தால் பிரித்துப் பிரித்துப் பத்துக் கூறுகளாக வைத்தார். சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒரு கூற்றிலிருந்து நாலைந்து மணியை எடுத்து அடுத்ததில் போட்டார். ஒன்றைப் பொட்டலம் கட்டி, மொத்த விலைக்கே கணக்குப் போட்டுக் கொடுத்தார். மீதி ஒன்பது கூறும் மேசைமேல் அப்படியே இருந்தன. அவற்றை வாங்க அன்று யாராவது வந்தார்களா என்ற எண்ணம், ரசத்துக்கு மிளகு தட்டும்போதெல்லாம் வருகிறது.

மாட்டுவண்டி திரும்புவதற்கு அமைந்த தெரு அது. கார் நிறுத்த ஓர் இடமும், பகலில் லாரி நுழையத் தடையும் இருந்தால் கோட்டாறு மறுபடியும் எழுந்து நிற்கும் என்பது என் எண்ணம்.

பறக்கைப் பொறியாளர்:

தங்கை மேலே எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. கோட்டாறு கார் நிறுத்த இடமின்றி இளைத்த ஊர் அன்று. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்தோம். எல்லைச் சுங்கச் சாவடியான சவுக்கை ஆரல்வாய்மொழியில் இருந்தது. தெற்குத் திருவிதாங்கூருக்குக் கோட்டாறே பெரிய கடைத்தெரு. அன்று நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது, வாடிக்கைக்காரர்களில் பலர் எல்லைக்கு அப்பால் போனார்கள். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்தும் 1981-இல் திருநெல்வேலியிலிருந்தும் ரயில் வந்தது. நிலையம் கோட்டாற்றின் பக்கத்திலேயே அமைந்தும், இறங்கியவர்கள் நகர மையமான மணிமேடைக்குப் பேருந்து ஏறினார்களே ஒழியக் கம்போளத்துக்கு நடக்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாகர்கோவிலுக்கு 2019-இல் மாநகராட்சிப் பெயரும் வந்துவிட்டது. பெயர் வந்தால் கடையில் தராசு அசைந்துவிடுமா?

என் சந்திப்பு சிறியது. பழைய கிட்டங்கி (சரக்கறை) ஒன்றை உணவகமாக மாற்றிய இளைஞர் என்னைச் சுவர் பார்க்க அழைத்திருந்தார். வாசலில் '1098 முதல்' என்று பெரிய பலகை. சோழர் காலத்திலிருந்தே தோசை சுடுகிறீர்களா என்று கேட்டேன். உள்ளே உத்திரத்தில் செதுக்கியிருந்த எண்ணைக் காட்டினார். தம்பி, அது கொல்லம் ஆண்டு, ஆவணியில் பிறப்பது, 825-ஐக் கூட்டினால் 1923 என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "பலகை எழுதியாச்சு சார், இருக்கட்டும்" என்றார். நானும் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்தப் பொய்க்கு நானும் உடந்தையோ என்ற உறுத்தல் இருக்கிறது.

வடசேரித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறிக்குழியை மூடுகிறவர்கள் கையில் கிடைத்த ஓட்டுச் சில்லையும் செங்கல் துண்டையும் கொட்டி மேலே சிமெண்ட் போட்டுவிடுகிறார்கள்; இடையில் காற்று நிற்கிறது, மழைக்காலத்தில் ஈரம் இறங்கியதும் மண் அமிழ்கிறது. டைல்ஸைப் பெயர்த்து, குழியில் உள்ளதை முழுவதும் அள்ளி வெளியே எடுங்கள். அரையடி மண் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடியுங்கள்; அது இறுகிய பிறகே அடுத்த அரையடி. அவசரப்பட்டு ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, அதன் விளிம்பு குழிக்கு வெளியே நாற்புறமும் ஒரு அடியாவது திடமான தரையில் உட்காரும்படி பாருங்கள். சுவர் சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் சிமெண்ட் பூச்சுப் பூசாதீர்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையுமாக இரண்டு மழை பெறும் நம் மாவட்டத்தில், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிடும். ஓட்டுக்கூரை என்றால், ஓட்டைத் தாங்கும் சாய்மரமான கழுக்கோலின் சுவருக்குள் புகுந்த முனையைத் தட்டிப் பாருங்கள், கறையான் அங்கிருந்துதான் தொடங்கும். வீட்டை விலைக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் முன் ஆதாரப் பத்திரங்களையும் கேளுங்கள். பழையவை மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும், படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது.

அண்டியாபீஸ் மகள்:

தெருவையும் சுவரையும் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கருங்கல் ஊர்ப் பக்கம் என் அம்மா கொட்டை உடைத்த அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) இப்போது கலியாண மண்டபம். போன தையில் அங்கே ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கைக்குச் சாம்பல் பூசிக்கொண்டு, தோட்டின் எண்ணெய் பட்டு விரல் வெந்து, அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அழுவார் என்று பயந்தேன். அம்மா அழவில்லை. இலையில் பாயசம் விட்டதும், அதில் கிடந்த அண்டிப்பருப்பை விரலால் ஒதுக்கி, முழுப்பருப்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் நொறுங்கல், இதற்கா இவ்வளவு பெரிய கலியாணம் என்று பக்கத்து இலைக்காரியிடம் சொன்னார். பக்கத்து இலைக்காரி பெண்ணின் அத்தை. அடுத்த பந்தி எழும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

வடசேரிக்காரன்:

பறக்கை அண்ணாச்சிக்கு நன்றி. வீடு வாங்கும் வசதி எனக்கு இல்லை. ஆதாரம், கழுக்கோல் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. குழியை மட்டும் நீங்கள் சொன்னபடி தோண்டி நிரப்பலாம் என்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, ஆச்சி உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். தரை இறங்கியதை மறைத்ததற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன். "தோண்டினா அடியில மிதி கெடக்கும், அத மட்டும் எடுத்து எனக்குத் தந்திரு" என்றார். மூடிய அன்று மகன் அவசரத்தில் அதையும் உள்ளே விட்டுவிட்டாராம். இருபது வருடமாக இதை அவரிடம் ஆச்சி சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

பறக்கைப் பொறியாளர்:

கடைசி இரண்டு அடிக்குக் கடப்பாரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மரம் உளுத்திருந்தால் முனை பட்டதுமே பொடிந்துவிடும். கொத்துக் கரண்டியால் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். நானும் காலையில் வருகிறேன்.